நாலு வருசப் பல்வலி

காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டிலிருந்த அம்மாள் சொன்னார்: “பல்லு வலிய நாலு வருசம் பொறுத்துக்கறாராமுங்க எங்க ஊட்டுக்காரரு.”

“ஏனுங்க?” என்றார் பக்கத்துப் பெண்.

“புள்ளைக்குப் பல் டாக்டர் காலேஜுல எடம் கெடைச்சிருச்சுங்க. படிச்சுட்டு வந்து அவதான் புடுங்கோணுமாம்.”

“பி.யூ.சி. படிக்கறப்பவே டைப்பும் கத்துக்கிட்டாளே, அந்தப் புள்ளைங்களா?”

“ஆமாங்க. அத்தனை சயின்ஸ் பாடத்தோட இதுவும் சேந்தா மார்க் கொறையும், எடம் கெடைக்காதுன்னு வருசம் பூராச் சண்டை போட்டாரு. ரெண்டுலயும் பர்ஸ்ட் கிளாஸுங்க.”

“இப்ப என்ன சொல்றாரு?”

“எங்கீங்க சொல்றாரு? வாயத் தெறக்க முடியலியே.”

என் பக்கத்தில், கன்னத்தைத் துண்டால் கட்டியிருந்தவர் சிரித்தார். உடனே வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே மறுபடியும் சிரித்தார்.