தீக்கதவு

காலையில் எழுதுவதுதான் நல்லது. வெயில் ஏறிவிட்டால் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீங்கள் காகிதமும் பேனாவும் கொடுத்திருப்பது மாலை நாலு மணிக்கு. பரவாயில்லை, வாக்குமூலத்துக்குப் பெரிய சூடு வேண்டியதில்லை. மேசையும் ஆடாமல் நிற்கிறது. வீட்டில் எனக்கு இப்படி ஒரு மேசை வாய்க்கவில்லை. ஒரு காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்துத்தான் ஒரு முழு நாவலையும் எழுதி முடித்தேன்.

அண்ணன் எப்படி இறந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் உங்களுக்கு நான் கெட்டவனாகத் தெரிவேன்.

ஒன்பது வருடம் ஒரு துணி ஆலையில் பாய்லர் பார்த்தேன். இரவு ஷிப்ட். விறகு போட்டு நீராவியின் அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருப்பது வேலை. முள் கோட்டுக்கு மேலே போனாலும் திட்டு, கீழே போனாலும் திட்டு. கோட்டிலேயே நின்றால் நான் உயிரோடு இருக்கிறேனா என்றுகூட யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு நாள் மேஸ்திரியிடம் இனி வரமாட்டேன் என்றேன்.

"ஏன், வேற எடத்துல வேலை கெடச்சிருச்சா?"

"இல்லைங்க. நாவல் எழுதப்போறேன்."

"ரொம்ப நாள் நெருப்புகிட்ட நின்னா இப்படித்தான் ஆகும். தலைக்குத் தண்ணி ஊத்து, சரியாயிரும்" என்றார். என் இலக்கிய வாழ்க்கைக்குக் கிடைத்த முதல் வாழ்த்து அது.

வேலையை விட்டவனை யாரும் வீட்டில் சேர்க்கமாட்டார்கள். அண்ணன் சேர்த்துக்கொண்டார். எழுந்து வந்து கழுத்தைப் பிடித்துத் தள்ள அவரால் முடியவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கை போயிற்று, கால் போயிற்று. வாய் மட்டும் முழுசாக இருந்தது. விதி எந்த வேலையையும் ஒழுங்காக முடிப்பதில்லை.

அண்ணி ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் விரிப்புகளை மடிக்கிறவர். முதல் நாளே ஒப்பந்தத்தைச் சொல்லிவிட்டார். "எட்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் நீங்க அவரைப் பாத்துக்குங்க தம்பி. தண்ணி கேட்டா குடுக்கணும், பெரண்டு படுக்க ஒரு கை புடிக்கணும், அவ்வளவுதான். மத்தபடி எழுதுங்க, எழுதாம இருங்க, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்." நியாயமான பெண்மணி. அவர்மேல் எனக்கு இப்போதும் எந்தக் குறையும் இல்லை.

எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வேலையை விட்டால் மட்டும் எழுத்து வந்துவிடாது என்று. ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். செருப்புக் கடைக்கு மேலே வாடகைக் கூடம். தலைப்பு, 'உங்களுக்குள் எரியும் நெருப்பு'. பயிற்சியாளர் ஏசிக் குளிர் தாங்காமல் கோட்டை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு நாலு மணி நேரம் நெருப்பைப் பற்றிப் பேசினார். கண்ணை மூடி நெஞ்சுக்குள் ஒரு சுடரைப் பார்க்கச் சொன்னார். பக்கத்தில் இருந்த அம்மாள் பார்த்துவிட்டு அழுதார். எனக்கு நெஞ்செரிச்சல்தான் தெரிந்தது. ஆனாலும் காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த மாதிரி ஒரு வாக்கியம் சரியாக வந்து விழுந்தது. "உங்க நெருப்புக்கு நீங்க என்ன தீனி போடறீங்க? அதைக் கேட்டுக்குங்க மொதல்ல."

அந்த ஆள் வாழ்க்கையில் தீப்பெட்டியைத் தவிர எதையும் பற்றவைத்திருக்கமாட்டார். நானோ ஒன்பது வருடம் நெருப்புக்குச் சோறூட்டியவன். வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பாய்லர் முறையையே எழுத்துக்கும் வைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குச் சுள்ளி. அதாவது ஒன்றுக்கும் உதவாத பத்து வாக்கியங்கள். மேகம், பல்வலி, பக்கத்து வீட்டுக் குழாய்ச் சண்டை. பற்றிக்கொண்டதும் கிழித்துப் போட்டுவிடலாம். எட்டுக்குமேல் கனமான கட்டை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை முழு அழுத்தம். பன்னிரண்டுக்கு நெருப்பை அணைக்கக் கூடாது, சாம்பலால் மூடவேண்டும். பாதி வாக்கியத்தில் எழுந்துவிட்டால் மறுநாள் உள்ளே தணல் இருக்கும். எழுதுகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள், பலன் உண்டு.

ஒரு விதி மட்டும் மீறக் கூடாதது. அழுத்தம் ஏறி நிற்கும்போது விறகு போடும் தீக்கதவைச் சும்மா திறக்கக் கூடாது. குளிர்ந்த காற்று உள்ளே பாய்ந்தால் விட்ட இடத்தைப் பிடிக்க அரை மணி ஆகும். ஆலையில் அந்தக் கதவுக்குமேல் சிவப்பில் எழுதியிருந்தார்கள். நான் என் அறைக்கதவின் உட்பக்கம் எழுதி ஒட்டினேன். கால் மணிக்கொரு முறை நோட்டில் குறிப்பு எழுதும் பழக்கத்தையும் விடவில்லை. நீங்கள் எடுத்துப்போன நீல அட்டை நோட்டு அதுதான்.

முறையில் ஓட்டை எதுவும் இல்லை. ஓட்டை பக்கத்து அறையில் இருந்தது. அண்ணி கட்டிலின் இடது கம்பியில் ஒரு சைக்கிள் மணியைப் பொருத்தியிருந்தார். முள் கோட்டைத் தொடும் நேரம் பார்த்து அது அடிக்கும்.

"எழுத்தாளரே, கொஞ்சம் எழுந்தருளணும். ஜன்னலைச் சாத்து, வெயில் மூஞ்சில அடிக்குது."

சாத்துவேன்.

"என்ன, உன் ஆளு இன்னும் சுரங்கத்துக்குள்ளதான் கெடக்கானா?"

"ஆமாண்ணா."

"மூணு மாசமாச்சேடா. நான் ஓட்டுன வண்டிகூட இவ்வளவு லேட்டாப் போனதில்ல. ஒரு ஏணியப் போட்டு மேல ஏத்திவிடு, பாவம்."

என் நாவல் அதுதான். சரிந்துபோன சுரங்கத்தில் ஒருவன் தனியாக மாட்டிக்கொள்கிறான். மேலே யாருக்காவது கேட்குமா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நல்ல கதை. கூப்பிடுகிறவன்தான் மரக்கட்டையாக இருந்தான். மூன்று மாதமாக 'உதவி, உதவி' என்று பள்ளிக்கூட நாடகத்தில் வசனம் சொல்வதுபோல் கத்திக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் மணி துருப்பிடித்திருப்பதைப் பார்த்தேன். கழற்றி எண்ணெய் போட்டு வைத்தேன். திரும்ப மாட்ட மறந்துவிட்டேன். அண்ணி கேட்டபோது ஸ்பிரிங் போய்விட்டது, வேறு வாங்கவேண்டும் என்றேன். அதையும் மறந்துவிட்டேன். எழுத்தாளர்களுக்கு மறதி சகஜம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

மணி இல்லாததால் அண்ணன் வாயால் கூப்பிட்டார். நான் போகவில்லை. மறுபடி கூப்பிட்டார். ஐந்தாவது தடவை அவர் குரலில் ஒரு கீறல் விழுந்தது. கோபம் முடிந்து வேறு ஏதோ தொடங்கும் இடம் அது. அந்தக் கீறலை அப்படியே எடுத்துச் சுரங்கத்தில் கிடந்தவனின் தொண்டையில் வைத்தேன். மூன்று மாத மரக்கட்டை எச்சில் விழுங்கினான். நோட்டில் பார்த்திருப்பீர்கள்: '9.40. அழைப்பு ஐந்து. பக்கம் மூன்று.'

பன்னிரண்டுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.

"செவிடாயிட்டியாடா?"

"எழுதிட்டிருந்தேண்ணா. கேக்கலை."

"கேக்கலையா, கேக்கப் புடிக்கலையா?"

ஒரே மடக்கில் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது. துடைத்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், கடமையில் குறை வைத்தவன் இல்லை நான்.

அது தானாக வந்து விழுந்த விறகு. தானாக வரும் விறகை நம்பி எந்த ஆலையும் ஓடாது. அடுத்த வாரம் அவர் இடது கைப்பக்கம் முக்காலியில் இருந்த தண்ணீர்த் தம்ளரை நகர்த்தி வைத்தேன். நாலு விரற்கடைதான். அவ்வளவு கொஞ்சத்துக்கு அவ்வளவு சூடு வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. அழைப்பு ஒன்பது, பக்கம் நாலரை. பிறகு ஆறு விரல். பிறகு ஒரு சாண். ஒரு நாள் பேராசைப்பட்டுத் தம்ளரை ஜன்னல் விளிம்புக்கே கொண்டுபோனேன். அன்று அவர் கூப்பிடவே இல்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அரைப் பக்கம்கூட நகரவில்லை. கைக்கு எட்டிவிடும்போல் இருக்கவேண்டும், எட்டக் கூடாது. அந்த அளவைப் பிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

அவர் கவனிக்காமல் இல்லை.

"தம்ளர் நேத்து இங்க இருந்துச்சு."

"இங்கதாண்ணா இருக்கு."

"எனக்குக் கையும் காலுந்தாண்டா போச்சு. தூரம் தெரியும். ரெண்டு லாரிக்கு நடுவுல பஸ்ஸை நுழைச்சு எடுத்தவன் நான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையும் பின்னால் பயன்பட்டது, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.

சில நாள் கழித்து அண்ணி அவரிடம் கேட்பது என் அறைக்குக் கேட்டது. "ஒதடெல்லாம் ஏன் இப்படி வெடிச்சுக் கெடக்கு? தம்பி தண்ணி குடுக்கறாரா, இல்லையா?"

"குடுக்கறான், குடுக்கறான். அவனை ஒண்ணும் கேக்காத. ஏதோ எழுதறான். நம்ம குடும்பத்துல ஒருத்தனாவது உக்காந்து யோசிக்கறானேன்னு நானே சந்தோஷமா இருக்கேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஈர விறகு என்றால் என்னவென்று பாய்லர்காரனைக் கேளுங்கள். எரியவும் எரியாது, கண்ணையும் கெடுக்கும். இரண்டு நாள் ஒரு வரி வரவில்லை. மற்றவர்கள் நம் வேலையை எவ்வளவு அலட்சியமாகக் கெடுத்துவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அந்த நாள். கடைசி அத்தியாயம். சுரங்கத்தில் கிடப்பவன் பிழைக்கிறானா, சாகிறானா என்று தெரிந்துவிடும் இடம். மூன்று மணி நேரமும் ஒரே சூடு வேண்டும். முந்தின இரவு தண்ணீர் கொடுக்கவேண்டாம் என்று அண்ணியிடம் சொல்ல முடியாது, ஆகவே காலையில் கொடுக்காமல் விட்டேன். தம்ளரைச் சரியான அளவில் வைத்தேன்.

9.20க்கு விழும் சத்தம். எட்டிப் பிடிக்கப் போய்க் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்துவிட்டார்.

ஒரு தடவைகூட எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லையா என்று உங்கள் ஏட்டம்மா கேட்டார். போனேன். என் விதியை நானே மீறி என் கதவைத் திறந்துகொண்டு போனேன். வாசலில் நின்று பார்த்தேன். தோள் இடுக்கில் மாட்டி, முகம் மெத்தையின் பக்கவாட்டில் அழுந்திக் கிடந்தது. ஒரு கண் மட்டும் தெரிந்தது. அது என்னைப் பார்த்தது. "அப்பாடா" என்றார்.

குரல் மிக அருகில் இருந்தது. காற்று அதிகமானால் நெருப்பு சீறும், அப்போது தணிக்கவேண்டும். அவர் அறைக்கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். காற்று தாழ்ப்பாள் போடாது என்றீர்கள். நல்ல வாக்கியம், எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சுவர் வழியாகக் கேட்டபோது அளவு சரியாக இருந்தது. எழுத்தாளரே என்று கூப்பிடவில்லை. "சுண்டு" என்றார். நான் அவர் இடுப்பளவு இருந்தபோது வைத்த பெயர். முப்பத்தைந்து வருடமாக அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. "சுண்டு, மூச்சு முட்டுதுடா." அது எவ்வளவு நல்ல வரி என்பது எழுதுகிறவனுக்குத்தான் தெரியும். அப்படியே போட்டேன். பெயரை மட்டும் மாற்றினேன்.

10.05 வரை தெளிவாக. 10.30 வரை விட்டுவிட்டு. 10.50க்குப் பிறகு குறிப்பு இல்லை. நான் பன்னிரண்டு வரை எழுதினேன். அன்று சாம்பல் போட்டு மூட எதுவும் மிச்சமில்லை, கதை முடிந்துவிட்டது.

அண்ணி வர இரண்டு மணி நேரம் இருந்தது. தாழ்ப்பாளை எடுத்தேன். தம்ளரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய இடத்தில் வைத்தேன். மணியைத் தேடி எடுத்துக் கம்பியில் மாட்டினேன். எல்லாம் செய்தவன் நோட்டை மறந்துவிட்டேன். எத்தனை விரல், எத்தனை அழைப்பு, எப்போது தாழ்ப்பாள், எத்தனை மணிக்கு நின்றது, எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தது. ஒன்பது வருடப் பழக்கம். பாய்லர் பதிவில் பொய் எழுதினால் ஆலை வெடிக்கும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார்கள்.

அண்ணி வந்து ஒன்றுதான் கேட்டார். "கூப்பிட்டாரா தம்பி?"

"இல்லைங்க அண்ணி. சத்தமே இல்லை."

அந்த ஒரு பொய்க்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தயார். மற்றவற்றை ஒப்புக்கொள்கிறேன். மணியைக் கழற்றியது நான். தம்ளரை நகர்த்தியது நான். தாழ்ப்பாள் போட்டது நான். ஒன்றரை மணி நேரம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டதும் நான்தான். அதற்கு நீங்கள் கொலை என்று பெயர் வைத்தால் நான் வாதாடப்போவதில்லை. பெயர் வைப்பது உங்கள் தொழில்.

ஆனால் இரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கைப்பிரதி உங்களிடம்தான் இருக்கிறது, கடைசி இரண்டு பக்கத்தைப் படித்துப் பாருங்கள். சுரங்கத்தில் கிடந்தவனை மேலே கொண்டுவந்துவிட்டேன். கதைப்படி அவன் சாகவேண்டியவன், செத்திருந்தால் நாவல் இன்னும் நன்றாக இருந்திருக்கும். எவ்வளவோ முயன்று பார்த்தேன். ஒரு மனிதன் அப்படிக் கூப்பிடும்போது, கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.