எழுபத்து மூன்றாம் தட்டு

டீக்கு நன்றிங்க. விசாரணைக் கமிட்டி டீயெல்லாம் கொடுக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒளிரும் ஜீன் ஒன்றைச் செடிக்குள் வைத்தோம். செடி அதை அடக்கிவிடும். அப்படி அடக்கச் சொல்வது எந்த ஜீன் என்பதுதான் ஆராய்ச்சி. மருந்தில் ஊறவைத்து ஜீன்களைக் கெடுத்த விதைகளை முளைக்கப்போட்டு, நீல விளக்கில் பார்ப்போம். எல்லா நாற்றும் சிவப்பாகத் தெரியும். ஒன்று பச்சையாக ஒளிர்ந்தால், அடக்கும் ஜீன் அதில் உடைந்திருக்கிறது. அதன் விதையை வைத்து ஜீனைப் பிடித்துவிடலாம். நான்கு வருடம். ஒன்றும் ஒளிரவில்லை.

சூர்யகலா சேர்ந்து மூன்றாவது மாதம். என்னைப் போலவே மரக்காணத்து உப்பளத்துப் பெண், வீட்டில் முதல் பட்டதாரி. நான் பார்த்து முடித்து, கழுவக் கொடுத்த எழுபத்து மூன்றாம் தட்டில், ஆசைக்கு விளக்கடித்துப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, இங்க வாயேன். ஒண்ணு பச்சையா மின்னுது."

கைடு தேவநாதன் சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாலு வருஷமா கண்ண எங்க கழட்டி வெச்சிருந்தம்மா?"

அந்த நாற்றைத் தொட்டி மண்ணுக்கு மாற்றி அவளிடமே வளர்க்கக் கொடுத்தார். விதை பிடிக்க மூன்று வாரம் ஆகும். எங்கள் உப்புப் பாத்தியிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தேன். தினம் இரண்டு மூடி அந்தத் தொட்டியில் ஊற்றினேன். உப்பு காய்ந்தால் மண்மேல் வெள்ளையாகப் பூக்கும். அவளும் பாத்தியில் வளர்ந்தவள், கண்டுபிடித்துவிடுவாள். அதனால் பூக்குமுன்பே நல்ல தண்ணீர் தெளித்துவிடுவேன்.

"ஓரமெல்லாம் கருகுதுக்கா. இன்னா பண்றது?"

"தண்ணி அதிகமா ஊத்துறடி. கொறச்சிக்கோ."

குறைத்தாள். தண்ணீர் குறைந்ததும் மண்ணில் உப்பு ஏறியது. மீதியை அவள் கையே முடித்தது, செடி செத்தது.

கவனக்குறைவு என்று அவளை அனுப்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகுதான் மண்ணைச் சோதித்தீர்கள். இப்போது அம்மாவோடு உப்பு வாருகிறாள். போன வாரம் பார்த்தேன். "என்னால ஒன் நாலு வருஷமும் வீணாப்போச்சுக்கா" என்றாள். பரவாயில்லை என்றேன்.

பொறாமை என்று எழுதாதீர்கள். விதை வந்திருந்தால் சார் கட்டுரை எழுத உட்காருவார், பழைய கணக்கெல்லாம் கேட்பார். அந்த நீல விளக்கு எத்தனை மணிநேரம் எரிந்தது என்பது விளக்கிலேயே பதிவாகும். முதல் வருடத்தோடு நான் அதைப் போடுவதை நிறுத்திவிட்டேன். நோட்டில் 'இல்லை' என்று எழுதித் தட்டைக் கழுவக் கொடுத்துவிடுவேன். அலுத்துவிட்டதுங்க. எத்தனை பச்சை சாக்கடையில் போனதோ.

அவளைத் திரும்பக் கூப்பிடாதீர்கள். அந்த விளக்கு அறையில் நான் பட்டது அவளும் படக் கூடாது என்றுதான் இவ்வளவும் செய்தேன்.