ஆமையின் ஓட்டைத் தட்டாதீர்!

கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு எப்போது முடியும் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கும் தலைவர் அவர்களே! மாடியில் மழலையர் பள்ளி நடக்க இடம் கொடுத்து, அத்தனை குட்டிக் கால்களின் குதியாட்டத்தையும் தலைக்குமேல் தாங்கிக் குடியிருக்கும் கட்டட உரிமையாளர் பெரியவர் அவர்களே! பெற்றதோடு நில்லாமல் பேணி, பேணியதோடு நில்லாமல் பின்னாலேயே ஓடும் தாய்மார்களே! செல்போனைப் பார்த்துக்கொண்டே என்னையும் பார்ப்பது போலப் பாவனை செய்யும் தந்தைமார்களே! அனைவருக்கும், பக்கத்துக் கட்டடத்து வெல்டிங் பட்டறைக்காரனின் நெருப்புப் பொறி பறக்கும் வணக்கம்!

நான் படித்தவன் அல்ல என்று சிலர் சொல்வார்கள். தவறு! எட்டாம் வகுப்பை ஒருமுறை படித்தவர்கள் உண்டு. அதைத் திரும்பத் திரும்ப ஆழ்ந்து படித்தவன் நான்! என் குரல் எப்படிப்பட்டது என்று பட்டறை வாசலில் போகும் பேருந்துகளைக் கேளுங்கள். நான் 'ஏய்' என்றால் நிறுத்தம் இல்லாத இடத்திலும் நிற்கும்! அந்தக் குரலை நம்பித்தான் என் தங்கை கணவர், அதோ மூன்றாம் வரிசையில் வெள்ளைச் சட்டையில் வீற்றிருக்கும் மாப்பிள்ளை, என்னை இங்கே பேச அழைத்தார்.

எதற்கு அழைத்தார்? இன்று அவர் கொண்டுவந்திருக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக. என்ன தீர்மானம்? இந்தப் பள்ளியில் டீச்சர் தினமும் நடத்தும் குணப் பாடத்தை நிறுத்த வேண்டும், அந்த நேரத்தில் கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்ற தீர்மானம். இன்னும் சற்று நேரத்தில் கை தூக்கி முடிவெடுக்கப் போகிறீர்கள்.

மாப்பிள்ளை, பொறுத்தருள வேண்டும். நான் எதிர்த்துப் பேச எழுந்திருக்கிறேன்!

என்னங்க மாப்பிள்ளை, எழுந்துட்டீங்க? உக்காருங்க. வீட்டுக்குப் போனதும் தங்கச்சி முன்னாடி சண்டை போட்டுக்கலாம்.

குணப் பாடம் என்றால் என்ன? 'பயம் வந்தா நீ யாரு?' என்று ஒவ்வொரு குழந்தையையும் கேட்கிறார் டீச்சர். ஒருவன் கத்துவான்: அவன் சேவல். ஒருத்தி ஓடுவாள்: அவள் முயல். ஒருத்தி சுருங்கிச் சுருண்டு சொல்லற்றுப் போவாள்: அவள் ஆமை. சேவல் கத்தினால் காது கொடு. முயல் ஓடினால் துரத்தாதே. ஆமை அடங்கினால் ஓட்டைத் தட்டாதே, பக்கத்தில் உட்கார். இவ்வளவுதான் பாடம். 'பிள்ளையை அனுப்பினால் மிருகக்காட்சிசாலை நடத்துகிறார்களே' என்று கேலி பேசினோம். நானும் பேசினேன், நன்றாகவே பேசினேன்!

போன வாரம் வகுப்புப் படம் எடுக்கும் நாள். படக்காரர் வந்தார். பளீர் பளீர் என்று விளக்கடித்தார். எல்லாக் குழந்தையும் சிரித்தது. ஒரு குழந்தை சிரிக்கவில்லை. பஞ்சு என்று நாம் செல்லமாகக் கூப்பிடும் அந்தப் பெண். 'சிரிம்மா! எங்க, பல்லக் காட்டு! எல்லாரும் உனக்காகக் காத்திருக்காங்க பாரு!' என்று அவர் கத்த, சுற்றி நின்ற பெரியவர்களும் சேர்ந்து கத்த, பஞ்சு சுருங்கிப் பின்னால் நகர்ந்தாள். காகிதமும் கிரேயானும் அடுக்கிய, சன்னல் இல்லாத சாமான் அறைக்குள் புகுந்தாள். கதவின் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டாள்.

தட்டினார்கள், பதில் இல்லை. கத்தினார்கள், பதில் இல்லை. கதவையே உலுக்கினார்கள்; ஒரு விசும்பல்கூட இல்லை! காற்றில்லாத அறையில் குழந்தை மயங்கிவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு சொல் போதாதா, ஒரு தாயின் உயிரைப் பாதியாக அறுக்க?

ஆள் வந்தது எனக்கு. சம்மட்டியைத் தூக்கினேன். எப்படிப்பட்ட சம்மட்டி? அதைத் தூக்க என் பட்டறையில் இருவர் வேண்டும். நான் ஒற்றைக் கையால் தூக்கி ஒரே மூச்சில் மாடியேறினேன்! அந்தத் தாய் என் காலடியில் விழாத குறை.

'அண்ணா, உடைச்சிடுங்கண்ணா! உள்ள சத்தமே இல்லண்ணா!'

கீழ்த் தாழ்ப்பாளுக்கு நேராகக் குறி பார்த்தேன். என் குறி என்றைக்குத் தவறியிருக்கிறது? கையை ஓங்கினேன்.

அப்போது என் முழங்காலை ஒரு கை கட்டிக்கொண்டது. என் தங்கை மகன்! வாய் ஓயாததால் ரேடியோ என்று பெயரெடுத்தவன்.

'மாமா, அடிக்காதீங்க! அவ ஆமை!'

'டேய், தள்ளிப் போடா! அவ மயங்கிக் கெடக்கா!'

'மயங்கல மாமா. நீங்க கத்துறீங்கல்ல, அதான் பேச மாட்டேங்குறா. கதவப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்பா. எப்பவும் அப்படித்தான் உக்காருவா.'

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது ஐயா! கூட்டத்தின் கடைசியிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. அதுவரை அவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம்; நம் கூச்சலில் யார் காதில் விழுந்தது?

'அவன் சொல்றது சரிங்க. எல்லாரும் கதவ விட்டுத் தள்ளி உக்காருங்க.'

'உள்ள என்ன ஆச்சுன்னே தெரியல, உக்காரச் சொல்றீங்களா?' என்று சீறினார் படக்காரர்.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தார். 'எனக்கும் பயமாத்தான் இருக்குங்க. கொஞ்ச நேரம் குடுங்க. வரலேன்னா நானே அவரை உடைக்கச் சொல்றேன்.'

அந்தத் தாய் என் சம்மட்டியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கைக்குட்டையை வாய்க்குள் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

சபையோரே! சம்மட்டி தூக்குவது வீரமா? அந்த உட்காரல் வீரமா?

ரேடியோ கதவோரம் போய் உட்கார்ந்தான். பேசவில்லை! பிறந்த நாள் முதல் பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை, பேசவில்லை! அவன் பின்னால் சேவல்களும் முயல்களும் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பையிலிருந்து ஒரு சிவப்புக் கிரேயானை எடுத்தான். கதவின் கீழ் இடுக்கில் மெல்ல உருட்டிவிட்டான்.

காத்திருந்தோம். என் நெற்றி வியர்வை சம்மட்டியின் மேல் சொட்டியது. அந்த ஓசைகூட எனக்கு இடி போலக் கேட்டது. இன்னும் எவ்வளவு நேரம்? உள்ளே மூச்சு இருக்கிறதா, இல்லையா? தாயின் தோள் குலுங்கியது. என் கை மறுபடி பிடியை இறுக்கியது.

இடுக்கு வழியே ஒரு கிரேயான் வெளியே உருண்டு வந்தது. நீல நிறம்!

யாரும் கூவவில்லை. ரேடியோ பச்சையை அனுப்பினான். உள்ளிருந்து மஞ்சள் வந்தது. அப்புறம் கிளுக்கென்று ஒரு சத்தம். தாழ்ப்பாள் விலகியது. வெளியே வந்த பஞ்சு, சிங்கம் போல நிற்கும் என்னைப் பார்க்கவே இல்லை. நேரே போய்த் தாயின் மடியில் புதைந்தாள்.

பிறகுதான் அந்தக் கதவின் உட்புறத்தைப் பார்த்தேன். தாழ்ப்பாளை ஒட்டி, பெயின்டின் மேல், வியர்வையில் நனைந்த ஒரு சின்னத் தலையின் தடம். நான் குறி வைத்த அதே இடம்.

என் குறி தவறாது என்று சொன்னேனே!

மாப்பிள்ளை, கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி பயப்படும், ஒரே மாதிரி சிரிக்கும், ஒரே மாதிரி பதில் சொல்லும் என்று நாம் போட்டோமே, அந்தக் கணக்குத்தான் அன்று ஒரு பிள்ளையின் தலைக்கு நேராகச் சம்மட்டியை ஓங்கியது. அதைத் தடுத்தது எந்தப் பாடம்? நீங்கள் நிறுத்தச் சொல்லும் பாடம்! தடுத்த பிள்ளை யார்? நீங்கள் பெற்ற பிள்ளை!

வேண்டாம், வேண்டாம், கை தட்டாதீர்கள்! தலைவரே, இந்த மைக்கைக் கொஞ்சம் அணைத்துவிடச் சொல்லுங்கள்.

கேட்கிறதா? இப்படிப் பேசினால் போதும். பின்கதவு வழியாக இப்போதுதான் ஒரு தாய் வந்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் பஞ்சு. திரும்பிப் பார்க்காதீர்கள். இத்தனை பேர் ஒன்றாகக் கை தட்டினால் அவள் எங்கே போய் ஒளிவாள் என்று உங்களுக்கே தெரியும். கைதட்டலுக்காகவே மேடையேறுகிறவன் நான். எனக்கே இன்று அது வேண்டாம்.

குணப் பாடம் தொடரட்டும் என்பவர்கள், ஓசையில்லாமல் கையை உயர்த்துங்கள். நாற்காலியை இழுக்காதீர்கள்.

அம்மாடி... எவ்வளவு கைகள்!

மாப்பிள்ளை... நீங்களுமா? ஒரு கை போதுங்க, ரெண்டாவதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், மெல்ல வந்தமர்ந்த அந்தத் தாய்க்கும், அவள் மடியிலிருக்கும் சின்னவளுக்கும் என் நன்றி. எல்லோருக்கும், வாய்விட்டுச் சொல்லாத என் வணக்கம்.