சேறு விடுத வாயு

...நாத்தம்னா அப்பிடியாப்பட்ட நாத்தம் யக்கா. அழுகுன முட்டைக்குள்ள முங்கி எந்திரிச்ச மாதிரி வாராரு மனுசன். மீன் நாத்தத்துலயே பொறந்து வளந்தவ நான், எனக்கே கொமட்டுதுன்னா பாத்துக்கிடுங்க. என்ன, மூக்கப் பொத்துதிய? இது பஸ்ஸுல முன்சீட்டுக் கருவாட்டுக் கூடைல்லா. நான் சொல்லுதது எங்க வீட்டுக்காரர.

ஜெரால்டுன்னா பழையகாயல்ல தெரியாத ஆளு கெடையாது. ஒழுங்காக் கடலுக்குப் போயிட்டு இருந்த மனுசன். ரம்யான்னு ஒரு ஆராய்ச்சிக்காரப் பொண்ணு வந்துச்சு, அலையாத்திக் காட்டுக்குள்ள வள்ளம் ஓட்ட ஆளு வேணும்னுச்சு. இவரு போனாரு. போனவரு போனவருதான். என்ன சோலிங்கிய? தண்ணி வத்துன நேரமாப் பாத்து, சேத்து மேல ஒரு கண்ணாடி டப்பாவக் கவுத்தணும். சேத்துல இருந்து என்ன வாயு கெளம்புது, எம்புட்டு கெளம்புதுன்னு மிசின் கோடு போட்டுக் காட்டும். மரம் கரியமில வாயுவ இழுக்குதாம், சேறு மீத்தேன விடுதாம், ரெண்டையும் கழிச்சுப் பாத்தா காடு நல்லது செய்யுதா கெட்டது செய்யுதான்னு தெரியுமாம். தெரிஞ்சு நமக்கு என்ன ஆவப்போவுதுன்னேன். "ஒலகம் சூடாவுதுல்லா, பிளாரன்ஸு"ங்காரு. எங்க வீட்டுத் தகரத்துக்குக் கீழ ஒரு மத்தியானம் உக்காந்தாத் தெரியாதா, இதுக்கு மிசின் வேற...

சரி, அதோட போச்சா. எம்பொண்ணு ஆனியப் பாக்க முத்தையாபுரத்துல இருந்து மாப்பிள்ள வீட்டுல வந்தாங்க. பையன் ரெக்ஸு, ஹார்பர்ல கிரேன் ஓட்டுதான். தங்கமான பையன். அவங்கம்மா விஜிலாதான் கொஞ்சம் கெத்து. பொண்ணோட அப்பா என்ன சோலி பாக்காருன்னு போன்லயே கேட்டாங்க. ஆராய்ச்சி ஆபீசருன்னேன். பொய்யா? ஆராய்ச்சி இருக்கு, ஆபீசும் இருக்கு, கடைசி எழுத்துதான் நான் சேத்தது.

கேசரியத் தின்னுட்டு அந்தம்மா கேக்காங்க, "ஒங்களுக்கு எந்த டிப்பார்ட்மெண்டு?" நான் அடுக்களையில நின்னு கண்ணக் காட்டுதேன், கையக் காட்டுதேன். மனுசன் நல்லா நிமிந்து உக்காந்துக்கிட்டு சொல்லுதாரு, "சேறு குசு விடும்லா, அத அளக்கோம்."

அந்தம்மா காப்பியக் கீழ வச்சுட்டாங்க. அதோட விட்டாரா. "மாடும் விடும், ஆனா அத வேற ஆளுங்க பாக்காங்க"ங்காரு. அந்தம்மா எந்திரிச்சுட்டாங்க. போவும்போது என்னையத்தான் பாத்தாங்க, அவர இல்ல. "ஆபீசரு"ன்னு ஒத்த வார்த்த. அம்புட்டுதான்.

ஆனி அன்னைக்குச் சாப்புடல. அழுதாலாவது தேத்தலாம், அவ பாட்டுக்கு வாருன தலையவே வாரிக்கிட்டு இருக்கா. இவரு என்ன சொன்னாருங்கிய? "நான் என்னத்தத் தப்பாச் சொன்னேன்?"

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வெளிய வாரோம், ரெக்ஸு பைக்கோட நிக்கான். "மாமா, அந்த டப்பாவ நானும் பாக்கணும்"ங்கான். டப்பா பாக்க வந்த மொகறையா அது? ஆனி வேற "நானும் வாரேன்"னுட்டா. தனியா விடமுடியுமா, நானும் வள்ளத்துல ஏறுனேன்.

அங்கன போனா அந்த ரம்யா சொல்லுது, யாரும் அசையக் கூடாதாம், மூடும்போது கிட்ட வந்து பேசக் கூடாதாம். நான் வள்ளத்துல இருந்தே குனிஞ்சு, "ஏம்மா, உள்ள நண்டு மாட்டிக்கிட்டா என்ன செய்வ"ன்னு கேட்டேன். கோடு சர்ருன்னு ஏறுது. "அது சேத்து வாயு இல்லக்கா, ஒங்க மூச்சு"ங்குது. மறுபடியும் மொதல்ல இருந்து கவுத்துனாங்க. எனக்கு மறுபடியும் ஒரு சந்தேகம். மறுபடியும் கோடு ஏறுது. அடுத்தவாட்டி இவரு கைய நீட்டி என் வாயப் பொத்திட்டாரு. சேத்துக் கையி. கல்யாணம் ஆனதுல இருந்து நாலு பேரு முன்னால என்னையத் தொட்டதே கெடையாது யக்கா, அந்த மனுசன்.

பேசாம இருந்தேன். அப்பத்தான் கேக்குது, சேத்துக்குள்ள இருந்து பொளக்கு பொளக்குன்னு. இந்தப் பக்கம் ஆனி, அந்தப் பக்கம் ரெக்ஸு. ரெண்டும் சத்தம் வராமச் சிரிக்குதுக. வள்ளமே ஆடுது, ரம்யாவும் ஒண்ணும் சொல்லல. எம்பொண்ணு சிரிச்சுப் பாத்து எம்புட்டு நாளாச்சு... அவரு கைய நானும் எடுத்துவிடல.

கரைக்கு வந்ததும் ரெக்ஸு சொன்னான், "அத்த, நான் ஆனியத்தான் கெட்டுவேன். அம்மாட்டயும் சொல்லிட்டேன். நீங்க ஒருக்கா வந்து பேசிருங்க. அவங்களுக்கு வருத்தம் சேத்துமேல இல்ல, நீங்க ஆபீசருன்னு சொன்னதுலதான்."

அதுக்குத்தான் போறேன். இவரும் வாரேன்னு சட்டையப் போட்டுட்டாரு. வேண்டாம்னு உக்கார வச்சுட்டு வந்திருக்கேன்.

ஏன் எந்திரிக்கிய? கண்டக்டர்ட்ட தூத்துக்குடின்னுல்லா சொன்னிய, இது முள்ளக்காடு. சரி சரி, பாத்து எறங்குங்க... யக்கா, செத்த நில்லுங்களேன். அந்தம்மா வீட்டு வாசல்ல போயி நின்னு மொதல்ல என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல. அதக் கேக்கத்தான் ஒங்க பக்கத்துல வந்து உக்காந்தேன்.