தன்லியினுக்கு வந்த மலைத் தேரை

தாஷ்கண்டுக்கு அப்பால் மலையில் வாழும் தேரை ஒன்றை, பாஸ்போர்ட் இல்லாமல், விசா இல்லாமல், என் தேநீர் ஆறுவதற்குள் யாங்கூனுக்கு எதிர்க்கரையிலுள்ள தன்லியினில் கொண்டுவந்து குடியேற்றியவன் நான். நம்பாவிட்டால் போகட்டும். அலோன் படகுத்துறையில் நான் பிடித்த கெளுத்தி, படகையே இழுத்துக்கொண்டு ஆற்றை மூன்று சுற்று சுற்றியதையும் யாரும் நம்பவில்லை.

யாங்கூனில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் முப்பத்தொரு வருடம் மாதிரி அறையைப் பார்த்துக்கொண்டேன். ஸ்பிரிட் ஜாடிகளில் கிடக்கும் தவளைக்கும் பாம்புக்கும் பென்சிலால் சீட்டு எழுதி, நூலால் கட்டிவிடுவது என் வேலை. எந்த ஊரில் பிடித்தது, யார் பிடித்தது என்பது அந்தச் சீட்டில் மட்டும்தான் இருக்கும். சீட்டு போனால் வெறும் பிணம்.

கரீமா அங்கே ஆராய்ச்சிக்கு வந்த பெண். மத்திய ஆசியாவின் பச்சைத் தேரைகளை வகை பிரித்துக்கொண்டிருந்தாள். பார்வைக்கு எல்லாம் ஒரு தாய் பிள்ளைகள் போலிருக்கும்; குரோமோசோமை எண்ணினால்தான் சமவெளித் தேரை வேறு, மலைத் தேரை வேறு என்று தெரியும். எது எதுவரை பரவியிருக்கிறது என்று வரைபடத்தில் நிறம் தீட்டி வைத்திருந்தாள். ஒரு நாள் விருந்தாளிகள் முன்னால், இதே தேரை தன்லியின் வயலில் கத்தி நான் கேட்டிருக்கிறேன் என்று ஒரு போடு போட்டேன்.

"ஊலே, அது இமயமலையத் தாண்டாது" என்றாள். எங்கள் பக்கத்தில் மாமாவை ஊலே என்போம். எல்லாரும் சிரித்தார்கள்.

மறுநாள் மதியம், வெளிநாட்டிலிருந்து பரிமாற்றமாக வந்த ஜாடியைத் திறந்து ஒரு தேரையை எடுத்தேன். பழைய தாளில் புதுச் சீட்டு எழுதினேன்: தன்லியின், வயல் வரப்பு, சேகரித்தவர் ரமணன், அதாவது நான். அதை நூலால் கட்டி, அவள் கண்ணில் படும்படி அலமாரியில் வைத்தேன். ஒரு வாரம் திண்டாடட்டும், பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன்.

அவள் திண்டாடவில்லை. கட்டுரை எழுதிவிட்டாள். அதில் என் பெயரும் அச்சாகி வந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன்.

வெளிநாட்டில் மரபணுவைப் பார்த்தவர்கள், இது மலைத் தேரைதான், பர்மாவில் பிடித்ததாக இருக்க முடியாது என்று எழுதினார்கள். கரீமா பொய்ச் சீட்டு கட்டினாள் என்று முடிவாயிற்று. என்னையும் விசாரித்தார்கள். வயதாகிவிட்டது, நினைவில்லை என்றேன். அவளுக்குப் பட்டமும் போயிற்று, வேலையும் போயிற்று.

உயிரோடு ஒன்றைப் பிடித்துக் காட்டினால் பெயர் மீண்டுவிடும் என்று இரண்டு மழைக்காலம் தன்லியினில் திரிந்தாள். இடம் காட்டியவன் நான். 'அங்கே எங்கோ' என்று சொல்வது மரியாதையாக இருக்காது என்பதால் வாய்க்கால், மூங்கில் புதர் என்று அடையாளத்தோடு சொன்னேன். அந்த மூங்கில் புதரில்தான் கண்ணாடி விரியன் அவளைக் கடித்தது. சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. வாரம் இருமுறை ஊசி குத்தி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தம் கேட்டது அங்கதானே, ஊலே?" என்றாள். ஆமாம் என்றேன். நோயாளிக்கு நம்பிக்கை வேண்டுமே.

போன வாரம், அவள் மறுபடியும் தன்லியினுக்குக் கிளம்புகிறாள் என்று கேள்விப்பட்டேன். க்யிம்யிண்டைங் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் ஜாபிரைப் பார்க்கப் போனேன். துறையில் என்னோடு வேலை பார்த்த பிரேம்நாத்தும் கூடவே வந்தான். நான் மணி சொன்னால்கூடக் கடிகாரத்தைப் பார்க்கிறவன் அவன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை, வழக்கமான உன் அளப்பு, அந்தக் குடும்பத்தைக் குழப்பாதே என்று பஸ்ஸில் வழி நெடுகச் சாதித்தான்.

கடை மூலையில் கரீமாவின் புது ரப்பர் பூட்ஸ் தயாராக நின்றது. எல்லாவற்றையும் ஜாபிரிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. ஒரே ஒரு பெயரை மட்டும் குறைத்தேன்.

ஜாபிர் இறாலைப் புடைத்துக்கொண்டே சிரித்தான். "தங்கச்சியத் தடுக்கணும்னு இப்படி ஒரு கதையா, ஊலே? போன மாசந்தான் ஒரு முதலைக்கு வெத்தல மடிச்சுக் குடுத்தீங்க." பிறகு பிரேம்நாத்தைப் பார்த்து, "நீங்களாவது உண்மையச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில கிளம்புறா" என்றான்.

பிரேம்நாத் குனிந்து அந்தப் பூட்ஸைக் கையில் எடுத்தான்.

"அனுப்பாதீங்க தம்பி. நடந்ததுதான். இவன் முடிச்சுப் போட்டப்ப நூலை அழுத்திப் பிடிச்சது என் விரல்."