உடையும் என்று சொன்ன ஜன்னல்

ஜன்னல் கண்ணாடி வாங்கப் போனால் கடைக்காரன் நீட்டுகிற காகிதத்தை நம்பாதீர்கள். வாங்குமுன் ஒரு கட்டையை எடுத்து நாலு போடு போட்டுப் பாருங்கள். நான் அப்படித்தான் பார்த்தேன். உட்காரச் சொல்லாதீர்கள் சார், எனக்குக் கால் பரபரக்கும். நடந்துகொண்டே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நாற்பது வருடம் கண்ணாடி மாட்டியிருக்கிறேன். போன வருடப் புயலில் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குக் கூரை போயிற்று. முதலில் போனது கூரை இல்லை, ஜன்னல். ஜன்னல் உடைந்தால் காற்று உள்ளே புகுந்து கூரையை அப்படியே தூக்கிவிடும். அதனால் மகள் வீட்டுக்கு நானே கண்ணாடி பார்த்துத் தருகிறேன் என்றேன். தாயில்லாப் பிள்ளை. நான் பார்க்காமல் யார் பார்ப்பது?

கடைக்காரன் கொடுத்த மூன்று மாதிரித் துண்டுகளையும் அவள் வீட்டுக் கொல்லைச் சுவரில் சாய்த்து வைத்து அடித்தேன். சூடேற்றி இறுக்கிய கண்ணாடி பலமானதுதான். ஆனால் கூராக எதுவும் மூலையில் பட்டால் மொத்தமும் உப்புக்கல் மாதிரி உதிர்ந்துவிடும். பிளாஸ்டிக் தகடு உடையவில்லை, வளைந்து துள்ளியது. சட்டத்தில் ஆழமாக உட்காராவிட்டால் பிய்த்துக்கொண்டு போய்விடும். மூன்றாவது, இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு படலம் வைத்து ஒட்டியது. விரிசல் விட்டது, ஆனால் ஓட்டை விழவில்லை. பதினேழு அடி அடித்தேன். என் தோள்தான் விட்டுப்போயிற்று.

மருமகன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். லாரி ஓட்டுகிறவன், வாய் கொஞ்சம் நீளம்.

"புயல் உள்ள வராது, சரி மாமா. நாங்க வெளிய வரணும்னா?"

"கதவு எதுக்கு இருக்கு?"

"கடல் ஏறி வந்தா கதவைத் தண்ணி அழுத்திப் பிடிச்சுக்கும். ஜன்னல் எல்லாத்தையும் திறக்காத ஜன்னலாப் போடப் போறீங்க. பின்னறையில மட்டும் உடையற கண்ணாடியாப் போடுங்க. எனக்குக் கொஞ்சம் உயிர் மேல ஆசை இருக்கு."

"அவர் சொல்றது சரிதானேப்பா" என்றாள் மகள்.

அன்று காலையில்தான் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். மழைக்காலம் முடிந்ததும் இருவரும் வேறு நாட்டுக்குப் போகிறார்களாம். அவனுக்கு அங்கே வேலையாம். "அங்க புயலே கிடையாதாம்ப்பா" என்றாள். புயல் இல்லாத ஊர் எங்கே சார் இருக்கிறது? அவன் சொன்னான், இவள் நம்பிவிட்டாள்.

பின்னறைக்கும் ஒட்டுக் கண்ணாடியையே போட்டேன். மூலையில் அதன் வகையைச் சொல்லும் சின்ன முத்திரை இருக்கும். அந்த மூலை உள்பக்கச் சட்டத்துக்கு அடியில் போகும்படி வெட்டி வாங்கினேன். ஜன்னல் பக்கத்தில் ஆணி அடித்து ஒரு கூர்முனைச் சுத்தியலும் மாட்டினேன். "மூலையில ஒரே அடி போதும் மாப்பிள்ளை, உதிர்ந்துடும்" என்றேன். "ரொம்ப நன்றி மாமா" என்றான். கேலி இல்லாமல் அவன் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் வேலை முடிந்துவிட்டது.

புயல் வந்த அன்று மகளை மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். அவனும் கிளம்பத்தான் பார்த்தான். "வீட்டுல ஒரு ஆம்பளை வேணும் மாப்பிள்ளை, பின்ஜன்னல்தான் இருக்கே" என்றேன். இருந்தான்.

பள்ளிக்கூடத்தில் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகப் போய்த் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்குப் போன் வந்தது.

"மாமா, இடுப்பளவு தண்ணி. கதவு அசையல. ஜன்னல் உடைய மாட்டேங்குது."

"மூலையில அடிங்க."

"மூலையிலதான் அடிக்கறேன்."

"அடுத்த மூலையில அடிங்க."

நாலு மூலையும் சொன்னேன். ஒவ்வொரு அடியும் போனில் கேட்டது. உள்பக்கச் சட்டத்தில் எட்டே திருகுதான் சார். கழற்றினால் கண்ணாடி முழுசாகக் கையோடு வந்துவிடும். திருப்புளிகூட வேண்டாம், ஒரு சமையலறைக் கத்தி போதும். அதை நான் சொல்லவில்லை.

"யாருப்பா போன்ல?" என்று மகள் கேட்டாள்.

"மாப்பிள்ளைதான். வீடு பத்திரமா இருக்காம்."

அது பொய் இல்லை. தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தபோது ஓர் ஓடுகூட நகரவில்லை. பின்னறைக் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக நட்சத்திரம். ஒரு விரல் நுழைகிற ஓட்டை இல்லை. அப்போது என் கண் முதலில் அதைத்தான் பார்த்தது. அவனை அப்புறம்தான் பார்த்தேன்.

எட்டுத் திருகையும் கழற்றி, முத்திரையோடு அந்தக் கண்ணாடியை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது என் மகள் என்கிறீர்கள். இருக்கட்டும். கோபம், ஆறிவிடும். ஆமாம், உடையாது என்று தெரிந்துதான் மாட்டினேன். அவன் வெளியே வரக்கூடாது என்றுதான் மாட்டினேன். எழுதிக்கொண்டீர்களா? கைநாட்டு எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள், சீக்கிரம். அடுத்த புயல் இரண்டு நாளில் என்கிறார்கள், அந்த ஜன்னல் திறந்து கிடக்கிறது. நான் போய் மாட்டிக்கொடுக்காவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?