கார்பரேட்டருக்குக் கீழே கேட்ட சத்தம்

தெருவில் மெக்கானிக் வீட்டம்மா என்று அறியப்படும் நான், வயது ஐம்பத்தாறு, தையல் தொழில், பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம் கீழே ஒர்க் ஷாப்பும் மேலே வீடுமாக உள்ள கட்டடத்தில் கணவருடன் குடியிருப்பவள், காணவில்லை என்று புகார் கொடுக்கப்பட்ட காரை ஓட்டி வந்தது குறித்து விசாரிக்கப்பட்டு, யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்வதாவது:

மேற்படி கார் எங்களுடையது. இருபத்தெட்டு வருடமாக எங்களிடம் இருக்கிறது. மூன்று வாரங்களாக அது நின்ற இடத்தில் நடுங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒழுங்காக ஓடும், காலை எடுத்தால் குலுங்கி, சற்று நேரத்தில் அணைந்துவிடும். என் கணவர் பிளக்குகளை மாற்றினார். அதன் பின்னர் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அதன் பின்னர் அதையே மறுபடியும் இரண்டு முறை கழுவினார். என் பட்டுப் புடவையைக்கூட நான் அவ்வளவு பக்குவமாக அலசியதில்லை.

நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கோளாறு எங்கே என்று சொல்வது அவர் வழக்கம். அதனால் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். அந்தப் பெயரில் அவருக்குள்ள பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாவது வாரம் அவருக்குத் தேநீர் கொடுக்கப் போனபோது, கார்பரேட்டருக்குக் கீழே உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அவர் ஸ்பேனர் எடுக்க உள்ளே போன நேரத்தில், அங்கிருந்த சிறு ரப்பர் குழாயின் வெடிப்பை விரலால் அடைத்துப் பார்த்தேன். நடுக்கம் நின்றது. விரலை எடுத்ததும் மறுபடி நடுங்கியது. இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், காதுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நேற்று அவர், "பழைய இரும்புக்குப் போட்டுடலாம், இனி என்னால ஆகாது" என்றார். அவருக்குத் தெரியாமல் குழாயை மாற்றிவிடுவதென்று அப்போதே முடிவு செய்தேன்.

இன்று காலை பத்தரை மணிக்கு, தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வருவதாக அவரிடம் பொய் சொன்னேன். அவர் குளிக்கப் போனதும் காரை எடுத்துக்கொண்டு, மூன்று தெரு தள்ளியுள்ள இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அவசரத்தில் போனை வீட்டிலேயே விட்டுவிட்டேன். அந்த மெக்கானிக்குக்கு ஸ்பேனர் எது, கரண்டி எது என்று தெரியாது என்பது என் கணவரின் அபிப்பிராயம். பத்து நிமிடத்தில் குழாயை மாற்றிக் கொடுத்தார். பழசு போலத் தெரிய வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதால் அழுக்கு ஆயிலும் பூசிக் கொடுத்தார்.

அதன் பின்னர் திரும்பும் வழியில், சிக்னலில் நின்றிருந்தபோது போலீஸ்காரர் வந்தார். எஞ்சின் அணைந்திருப்பதாக நினைத்து, "ஸ்டார்ட் பண்ணி ஓரமா விடுங்க" என்றார். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த நிலையிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கார் காணவில்லை என்று என் கணவர் புகார் கொடுத்திருந்த விஷயம், போலீஸ்காரர் வண்டி நம்பரைப் பார்த்து ஸ்டேஷனுக்கு அழைத்து வந்த பின்னரே தெரியவந்தது.

காய்கறி வாங்கப் போனதாக எழுதிக்கொள்ளும்படி இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் அய்யாவைக் கேட்டேன், மறுத்துவிட்டார். என் கணவர் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து அவருக்குக் கேட்காது என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் சொன்னேன்.

பின்னர்ச் சேர்த்தது: மேற்கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டபோது என் கணவர் எழுந்து வந்து, மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சார், கொஞ்சம் சத்தமா படிங்க. ரெண்டு வருஷமா எனக்குச் சரியா கேக்கறதில்ல" என்றார். இதை அவர் வாயிலிருந்து நான் கேட்பது இதுவே முதல் முறை. முதலிலிருந்து உரக்கப் படிக்கப்பட்டது. அழுக்கு ஆயில் பூசிய இடம் வந்தபோது சிரித்தார். அதன் பின்னர் என்னிடம், "இனிமே நீ கேட்டுச் சொல்லு. நான் கழட்டி மாட்டறேன்" என்றார். நான் சரி என்றேன்.

மேலே சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இரண்டு முறை படிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்ட என் கணவர், முழுவதும் காதால் கேட்ட சாட்சியாகக் கீழே கையொப்பமிடுகிறார்.